வாசகனுக்குக் கூலி: வெகுமதி எழுத்து குறித்துச் சில குறிப்புகள்

1

எழுத்தையும் பணத்தையும் சேர்த்துப் பேசும்போது நம்மிடம் இரண்டே பேச்சுகள்தான் இருக்கின்றன. காசு வந்தால் எழுத்து கெட்டுப்போகும் என்பது ஒன்று. எழுதுகிறவனும் சாப்பிட வேண்டாமா என்பது இன்னொன்று. முதலாவதைச் சிறுபத்திரிகைக்காரர்களும் இரண்டாவதை வெகுஜனப் பத்திரிகைக்காரர்களும் ஐம்பது அறுபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி இரண்டுமே தேய்ந்துவிட்டன. எதிரும் புதிருமாகத் தெரியும் இந்த இரண்டு பேச்சுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. பணம் வந்து தொடுகிற இடம் எழுதுகிறவனின் கை என்பதே அது. வாசகன் இந்தக் கணக்கில் காசு கொடுப்பவனாக இருக்கலாம், ஓசியில் படிப்பவனாக இருக்கலாம், வாங்குகிறவனாக இருந்ததில்லை.

2016இல் அமெரிக்காவில் நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் தொடங்கிய ஏற்பாடு ஒன்று வாசகனையும் வாங்குகிறவனாக ஆக்கியது. ஸ்டீம் என்பது ஒரு நாணயத்துக்கும் அந்த நாணயக் கணக்கைப் பதிந்துவைக்கும் பிளாக்செயின் ஏட்டுக்கும் பெயர். ஸ்டீமிட் என்பது அந்த ஏட்டின்மேல் இணையத்தில் கூடிய எழுத்துச் சமூகம். அங்கே எழுதினால் வெகுமதி. அடுத்தவர் எழுதியதற்குப் பதில் எழுதினால் வெகுமதி. ஒன்றும் எழுதாமல், படித்துவிட்டு ஓட்டுப் போட்டாலும் வெகுமதி. இந்த மூன்றாவதுதான் இங்கே என் அக்கறை.

ஸ்டீமிட்டைப் பற்றி வந்த பேச்சுகளில் பெரும்பாலானவை ஒன்று நாணய விலையைப் பற்றியவை, அல்லது காசுக்காகக் குப்பை எழுதப்படுகிறது என்ற புலம்பல்கள். இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். எழுத்து அங்கே எல்லா இடத்தையும்போல நல்லதும் மோசமுமாகவே இருந்தது. அழிந்தது வாசிப்பு. அதுவும், வாசிப்பைக் கௌரவிப்பதாகச் சொல்லி வைக்கப்பட்ட வெகுமதியினாலேயே அழிந்தது. எப்படி என்று பார்க்க வேண்டும்.

2

முதலில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிடலாம். தத்துவம் பிறகு.

ஸ்டீமிட்டில் வாசகன் எழுத்தாளனுக்குத் தன் சட்டைப்பையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. புது நாணயம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். 2016 டிசம்பரில் வகுத்த விதிப்படி ஆண்டுக்கு 9.5 சதவீதத்தில் தொடங்கி மெல்லக் குறைந்துவரும் புது நாணயம். அன்று அதில் 75 சதவீதம் பொதுவான ஒரு குளத்தில் விழுந்தது. 15 சதவீதம் ஏற்கெனவே நாணயத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு. 10 சதவீதம் ஏட்டைப் பராமரிக்கும் ‘சாட்சி’களுக்கு. எழுதுகிறவனும் ஓட்டுப் போடுகிறவனும் அந்தக் குளத்திலிருந்துதான் அள்ளிக்கொள்ள வேண்டும். ஆக ஒரு பதிவுக்கு விழும் ஓட்டு புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. குளத்துத் தண்ணீரை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் திருப்பிவிடுகிறது. உனக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்காமல் போனது. இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுகள் எல்லாம் சமம் இல்லை. நாணயத்தைப் பூட்டி வைத்தால் அதற்கு ‘ஸ்டீம் பவர்’ என்று பெயர். யாரிடம் எவ்வளவு பவரோ அவர் ஓட்டுக்கு அவ்வளவு எடை. 2017 ஜூன் வரை இது இன்னும் கொடூரமாக இருந்தது. ஒரு பதிவின்மேல் விழுந்த எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப வெகுமதி பிரிந்தது. இரண்டு மடங்கு எடை விழுந்தால் நாலு மடங்கு காசு. சின்ன ஆட்கள் கூடி ஓட்டுப் போட்டால் சல்லிக்காசும் தேறாது. பெரிய ஆள் ஒருவர் விரலை வைத்தால் கொட்டும். அந்தப் பெரிய ஆட்களைத் ‘திமிங்கிலம்’ என்றே அங்கே அழைத்தார்கள். அதிகாரம் தன்னை மறைத்துக்கொண்டுதான் இயங்கும் என்று நாமெல்லாம் ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பேசியிருக்கிறோம். இங்கே அதிகாரம் ‘பவர்’ என்று பேரெழுதி ஒட்டிக்கொண்டு, தசம புள்ளிகளோடு எல்லார் கண்ணுக்கும் தெரிய உட்கார்ந்திருந்தது. மறைக்க வேண்டிய அவசியமே அதற்கு இருக்கவில்லை.

அடுத்தது ஓட்டின் வேகம். முழு எடையோடு ஓர் ஓட்டுப் போட்டால் ஓட்டுச் சக்தியில் 2 சதவீதம் குறையும். ஒரு நாளில் 20 சதவீதம் தானாக ஊறும். அதாவது நாளொன்றுக்கு 10 முழு ஓட்டுகள். சக்தி நூறைத் தொட்டபின் ஊறுவது வீண். ஆகவே பத்தையும் போட்டுத் தீர்க்காதவனுக்கு நஷ்டம். படிக்கத் தகுந்தது இன்றைக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது என்றால் மிச்சம் ஒன்பதை என்ன செய்வது? அப்படி ஒரு கேள்விக்கு அந்த அமைப்பில் இடம் கிடையாது.

கடைசியாக, காலம். 2017 முதல் ஒரு பதிவு வெளியாகி 7 நாள் வரை விழும் ஓட்டுக்குத்தான் காசு. எட்டாம் நாள் ஒருவர் வந்து படித்து அசந்துபோனாலும் அதற்கு மதிப்பு இல்லை. கிடைத்ததில் 75 சதவீதம் எழுதியவருக்கு, 25 சதவீதம் ஓட்டுப் போட்டவர்களுக்கு (2019 ஆகஸ்டில் இது பாதிக்குப் பாதி ஆயிற்று). ஓட்டுப் போட்டவர்களுக்குள்ளும் முந்தியவருக்கு அதிகம், பிந்தியவருக்குக் குறைவு. இப்படி வாங்குகிறவருக்கு ‘க்யூரேட்டர்’ என்று பட்டம். மியூசியத்தில் எதைக் காட்சிக்கு வைப்பது என்று தேர்கிறவரைக் குறிக்கும் சொல். பெயர் சூட்டுவதில் எப்போதும் ஒரு ருசி இருக்கிறது இவர்களுக்கு.

3

ஆசிரியன் இறந்துபோனால்தான் வாசகன் பிறப்பான் என்று ரொலான் பார்த் 1967இல் எழுதினார். தமிழில் அதைப் படித்துவிட்டு நாம் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டீமிட்டில் வாசகன் பிறக்கத்தான் செய்தான். பிறக்கும்போதே முதலீட்டாளனாகப் பிறந்தான்.

முந்தினவருக்கு அதிகம் என்ற விதி வாசகனை என்ன செய்கிறது என்று பாருங்கள். நல்ல எழுத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு ஊக்கம் என்பது சொல்லப்பட்ட நியாயம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த ஒரு கவிதைக்கு நான் முதலில் ஓட்டுப் போட்டு, பின்னால் யாருமே வரவில்லை என்றால் எனக்குக் கிடைப்பது பூஜ்யத்தை ஒட்டிய தொகை. எனக்குப் பிடிக்காத, ஆனால் திமிங்கிலம் ஒன்று வந்து விரல் வைக்கும் என்று எனக்குத் தெரிந்த பதிவுக்கு முந்திக்கொண்டு போட்டால் லாபம். அப்படியானால் வாசகன் கற்றுக்கொள்ள வேண்டியது பிரதியை வாசிப்பதையா, மற்ற வாசகர்களை வாசிப்பதையா?

கெய்ன்ஸ் 1936இல் பங்குச் சந்தைக்கு ஓர் உவமை சொன்னார். ஒரு பத்திரிகை நூறு முகங்களின் படத்தைப் போட்டு, மிக அழகான ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எல்லாருடைய சராசரித் தேர்வோடு எவருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. அப்போது எனக்கு எந்த முகம் அழகு என்பது கேள்வி இல்லை. மற்றவர்களுக்கு எது அழகாகப் படும் என்பதும்கூட இல்லை. மற்றவர்கள், மற்றவர்களுக்கு எது அழகாகப் படும் என்று நினைப்பார்கள் என்பதே கேள்வி. கெய்ன்ஸ் இதைப் பங்குச் சந்தையின் நோயாகக் காட்டினார். எண்பது வருஷம் கழித்து அதே நோயை இலக்கிய ரசனையின் விதியாக எழுதிவைத்தார்கள்.

பதிவு வெளியான முதல் சில நிமிஷங்களுக்குள் ஓட்டுப் போட்டால் போட்டவர் பங்கில் ஒரு பகுதி கழிக்கப்படும் என்று ஒரு தடையும் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் 30 நிமிஷம், பிறகு 15, பிறகு 5. அவசரப்பட்டுப் படிக்காமல் ஓட்டுப் போடாதே என்பதல்ல இதன் பாடம். தடை முடிவதற்குச் சற்று முன்னால், கூட்டம் வருவதற்குச் சற்று முன்னால் போடு என்பதுதான். அந்த நிமிஷத்தைக் கணக்கிட மனிதனைவிட எந்திரம் தோது. ஆகவே எந்திரங்கள் வந்தன. இன்னார் பதிவிட்டால் இத்தனையாம் நிமிஷத்தில் என் பேரில் ஓட்டுப் போடு என்று சொல்லி வைத்துவிட்டு உரிமையாளர் தூங்கப் போகலாம். காலையில் எழுந்து பார்த்தால் க்யூரேட்டர் கணக்கில் கூலி ஏறியிருக்கும்.

இதன் அடுத்த படி வாடகை. பவரை விற்காமலே இன்னொரு கணக்குக்குக் கடனாக ஒப்படைக்கும் வசதி 2017இல் வந்தது. ஓட்டு விற்கும் எந்திரக் கணக்குகள் இந்தப் பவரைத் திரட்டின. எழுதியவரே அந்தக் கணக்குக்குக் காசு அனுப்பி, தன் பதிவின் முகவரியைக் குறித்துவிட்டால், சுமார் இரண்டேகால், இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்த காசின் விகிதப்படி அது ஓட்டைப் பிரித்துக் கொடுக்கும். பவரை ஒப்படைத்தவருக்கு வாடகை போய்ச் சேரும். முன்பக்கத்தில் ‘இப்போது பேசப்படுபவை’ என்று வரிசையாக நிற்கும் பதிவுகள் பெரும்பாலும் இப்படி விலை கொடுத்து நிற்பவையாக ஆயின. எவரும் பேசாத பதிவுகள் ‘பேசப்படுபவை’ ஆயின.

இம்மாதிரி ஓர் இடத்தில் (எந்த இடம் என்பது முக்கியமில்லை) கொஞ்ச காலம் எழுதிய நண்பரிடம் ஒருமுறை, “எத்தனை பேர் படிச்சிருப்பாங்க தோழர்?” என்று கேட்டேன். “ஓட்டு விழுந்தது நூத்திச் சொச்சம். படிச்சவங்க கணக்கைக் கேக்காதீங்க தோழர், அது வேற கணக்கு” என்றார். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்ன தொனி எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் வருத்தப்படவில்லை. ஒரு தொழில்நுட்பத் தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

4

வாசிப்பு போனால் கூடவே போவது விமர்சனம்.

ஸ்டீமிட்டில் எதிர் ஓட்டு உண்டு. அதைப் போட்டால் எழுதியவருக்கு வரவேண்டிய காசு குறையும். குறைந்த காசு குளத்துக்குத் திரும்பி மற்றவர்களுக்குப் போகும். இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த அவர்களுடைய வெள்ளையறிக்கை நண்டுக் கதையைச் சொல்கிறது. கூடையில் ஒரு நண்டு இருந்தால் தப்பித்துவிடும், பல இருந்தால் ஏறுகிற நண்டை மற்ற நண்டுகள் இழுத்துப்போடும். நம் ஊர் மேடையில் நமக்கு நாமே சொல்லித் திட்டிக்கொள்ளும் அதே கதை. நமக்கு அது சாபம். அவர்களுக்கு அது காவல் முறை. கள்ளத்தனமாக ஏறுகிற நண்டை இழுத்துப்போட மற்ற நண்டுகள் இருக்கின்றன என்கிறார்கள்.

அதே அறிக்கையில் இன்னோர் இடம் உண்டு. முறைகேட்டை முழுக்க ஒழிப்பது முடியாது, அது குறிக்கோளும் அல்ல. முறைகேடு செய்ய முயல்கிறவர்கூட உழைக்கத்தான் செய்கிறார். நாணயத்தைப் பரவலாக்க அந்த உழைப்பு, பிட்காயின் தோண்டும் வெட்டி வேலைக்குக் குறைந்ததல்ல என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த இடம்தான் மொத்த ஆவணத்தின் திறவுகோல். எழுத்து எதற்கு என்ற கேள்விக்கு அங்கே நேரான பதில் இருக்கிறது: நாணயத்தைப் பரப்புவதற்கு. பிட்காயினில் எந்திரம் கணக்குப் போட்டுச் செய்யும் வேலையை இங்கே கவிதையும் பயணக் கட்டுரையும் சமையல் குறிப்பும் செய்யும். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மூளைச் சான்று’. மூளை ஓடியதா என்பதற்குத்தான் சான்று தேவை. எதை நோக்கி ஓடியது என்பது பற்றி அக்கறை இல்லை.

இந்த நிலையில் ஒரு கதை மோசம் என்று சொல்வது என்ன காரியம்? சிறுபத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்பை நான் கிழித்து எழுதினால், கவிஞர் என்னோடு பேச்சை நிறுத்துவார். அடுத்த இதழில் எனக்கு வசை விழும். ஆனால் அவர் வீட்டு அரிசிக்கும் என் கட்டுரைக்கும் தொடர்பு இல்லை. ஸ்டீமிட்டில் தொடர்பு இருந்தது. எதிர் ஓட்டு வயிற்றில் அடிப்பது. அதே சமயம், குளம் ஒன்றுதான் என்பதால், அடித்தவன் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதும்கூட. எந்த மறுப்பும் திருட்டாகப் படித்துக்கொள்ளப்படும். பழிக்குப் பழி என்று எதிர் ஓட்டுச் சண்டைகள் நடந்தன. எளிய ஆட்கள் பெரிய ஆட்களின் பதிவை மறுத்துச் சொல்லத் துணியமாட்டார்கள். சொன்னால் அவர்கள் பதிவு முழுக்கச் சுழியாகும், கூடவே ‘நற்பெயர்’ எண்ணும் இறங்கும். (ஆமாம், நற்பெயருக்கும் ஓர் எண் இருந்தது. புதிதாகச் சேருகிற எவருக்கும் 25.) மிச்சம் என்ன? பாராட்டு. பின்னூட்டத்துக்கும் ஓட்டு விழும் என்பதால் ‘அருமையான பதிவு’, ‘நல்ல பகிர்வு, என் பக்கமும் வாருங்கள்’ என்று ஒரே அச்சில் வார்த்த வரிகள் பல்லாயிரம். இவற்றை எழுதியவர்களைக் கேலி செய்வது சுலபம். மறுப்புக்கு அபராதமும் புகழுக்குக் கூலியும் வைத்த இடத்தில் வேறு என்ன முளைக்கும்?

பத்திரிகை ஆசிரியரும் மெய்ப்புப் பார்ப்பவரும் பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சொல்பவரும் காசு வாங்கிக்கொண்டு வாசிப்பவர்கள்தானே, அவர்கள் வாசிப்பு அழிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அவர்களுக்குக் கிடைப்பது உழைப்புக்கான சம்பளம். ‘இது வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் அதே சம்பளம், ‘போடலாம்’ என்றாலும் அதே சம்பளம். க்யூரேட்டருக்குச் சம்பளம் அவர் தீர்ப்புக்கு, அதுவும் மற்றவர் தீர்ப்போடு ஒத்துப்போகும் தீர்ப்புக்கு. நீதிபதிக்குச் சம்பளம் தரலாம். தீர்ப்புக்குத் தீர்ப்பு காசு தந்தால் அதற்கு வேறு பெயர்.

5

‘சமூகம்’ என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். இப்படிப்பட்ட ஏற்பாடுகள் எல்லாமே தங்களைச் சமூகம் என்றுதான் அழைத்துக்கொள்கின்றன.

தொடக்கத்திலேயே நாணயத்தில் பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துக்கொண்டது ஸ்டீமிட் நிறுவனம். அதைச் சமூக வளர்ச்சிக்குப் பயன்படுத்துவோம், ஓட்டுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்பது புரிந்துணர்வு. 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் 8 டாலர் வரை போயிற்று. அந்த வருஷக் கடைசியில் அரை டாலருக்கும் கீழே. நவம்பரில் நிறுவனம் ஊழியர்களில் 70 சதவீதத்துக்கு மேல் வெளியே அனுப்பியது. 2020 பிப்ரவரியில் நிறுவனத்தை ஜஸ்டின் சன் வாங்கினார். சொத்தோடு சேர்ந்து அந்தப் பெரும் பவரும் கைமாறியது. பயந்துபோன சாட்சிகள் அந்தப் பங்கைத் தற்காலிகமாக முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் சில நாணயப் பரிவர்த்தனை மையங்கள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த ஸ்டீமைக் கொண்டே ஓட்டுப் போட்டுச் சாட்சிகளை மாற்றின. கூச்சல் எழுந்தபின் சில மையங்கள் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டன. 2020 மார்ச் 20 அன்று ஒரு பகுதியினர் ஏட்டை அப்படியே நகல் எடுத்து, நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டு, ‘ஹைவ்’ என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

இந்தக் கதையைச் சமூகத்தின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மைதான். முதலாளி கைமாறும்போது சரக்கோடு சரக்காகத் தாங்களும் கைமாற மறுத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சண்டை எதைப் பற்றியது? பவர் யார் கையில் என்பதைப் பற்றியது. ‘பவருக்குத் தக்க ஓட்டு’ என்ற விதியைப் பற்றி அல்ல. சன் செய்தது அந்த விதியின்படி தப்பே இல்லை. காசு கொடுத்து வாங்கினார், வாங்கியதைக் கொண்டு ஓட்டுப் போட்டார். நாலு வருஷமாகப் பதிவுப் பதிவாக நடந்ததை அவர் ஒரே நாளில் மொத்தமாகச் செய்தார், அவ்வளவுதான். தனியே போனவர்களும் அதே விதியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

6

இனி ‘வெகுமதி’ என்ற சொல். கூலி என்று சொல்லியிருக்கலாம், சன்மானம் என்று சொல்லியிருக்கலாம். ‘வெகுமதி’ என்று சொன்னார்கள். எல்லாச் செயலிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஏன்?

கூலி என்றால் ஒரு தரகு, ஒரு பேரம், ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. கொடுக்கவில்லை என்றால் கேட்கலாம், சங்கம் வைக்கலாம். வெகுமதியைக் கேட்க முடியாது. வந்தால் உண்டு. மார்சல் மாஸ் கொடையைப் பற்றி 1925இல் எழுதியபோது கொடுப்பது, வாங்குவது, திருப்புவது என்ற மூன்று கடமைகளால் மனிதர்கள் கட்டப்படுவதைச் சொன்னார். கொடைக்குக் கொடுப்பவன் முகம் வேண்டும், கூலிக்கு ஒப்பந்தம் வேண்டும். வெகுமதி இரண்டுக்கும் நடுவே நழுவுகிறது: கொடைபோல ஒப்பந்தமில்லாமல், கூலிபோல முகமில்லாமல்.

தமிழ் வாசகனுக்கு இங்கே பரிசில் ஞாபகம் வராமல் போகாது. புறநானூற்றில் (208) பெருஞ்சித்திரனார், அதியமான் தன்னைப் பாராமலே கொடுத்தனுப்பிய பொருளை வாங்க மறுக்கிறார். கண்டு, தகுதி அறிந்து தந்தால் தினையளவும் போதும். காணாமல் தருவதை வாங்கிக்கொள்ளத் தான் வணிகப் பரிசிலன் இல்லை என்கிறார். இதைப் புலவரின் தன்மானம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். அவர் வறியவர், காசை வெறுத்தவர் அல்ல. அவர் கேட்பது காணப்படுவதை. பார்வை இல்லாத பரிசு வணிகம் என்று பிரித்துப் பார்க்கிறார். நூறு ஓட்டு விழுந்து ஒருவரும் படிக்காத பதிவுக்கு வந்த நாணயத்தை விவரிக்க, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தப் பாகுபாட்டைவிடக் கச்சிதமான கருத்தாக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சங்கப் புலவரை எல்லாவற்றுக்கும் இழுக்கிற வியாதி நமக்கு உண்டுதான். ஆனால் இது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. காணாமல் தருவது என்பதுதான் இங்கே பிரச்சினையின் நடு.

மற்ற ஏற்பாடுகள் இந்தச் சிக்கலை உணர்ந்து, வாசிப்பையே நேராக அளக்கப் பார்த்தன. அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் 2015 ஜூலையிலிருந்து படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டது. உடனே புத்தகங்கள் பருத்தன. பழைய கதைகளைப் பின்னால் திணித்தார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்கு ஒரே தாவலில் போக இணைப்பு வைத்தார்கள். மீடியம் 2017இல் கைதட்டலை எண்ணிக் காசு கொடுத்தது. 2019 அக்டோபரில் கைதட்டலை விட்டு, சந்தாதாரர் படிக்கும் நேரத்தை எண்ணத் தொடங்கியது. பக்கம், கைதட்டல், நிமிஷம். அளவுகோல் மாற மாற எழுத்து அந்த அளவுகோலின் வடிவத்துக்கு வளைந்தது. இவற்றில் காசு கொடுப்பவர் வாசகர் என்பதாவது மிஞ்சியது. ஸ்டீமிட்டில் அதுவும் இல்லை.

7

இத்தனையும் சொல்லிவிட்டு, ‘பார்த்தீர்களா, காசு வாங்காத எங்கள் எழுத்துதான் எழுத்து’ என்று முடிக்க நான் தயாரில்லை.

காசு வாங்காமல் எழுத யாரால் முடிந்தது? சிறுபத்திரிகை வரலாற்றில் பெரும்பகுதி வங்கியிலும் தபால் இலாகாவிலும் கல்லூரியிலும் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் மாலை நேரத்தில் எழுதியது. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ (1959–1970) நடத்தியதையும் புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக அலைந்ததையும் புனிதக் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர் பட்ட கஷ்டத்தை மற்றவர்களுக்கு நியதியாக விதிப்பது அநியாயம். பூர்தியூ காட்டியபடி, இலக்கியப் புலம் தலைகீழான பொருளாதாரம். இங்கே தோற்பவன் ஜெயிக்கிறான். தோற்கத் தாக்குப்பிடிக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. ஸ்டீமிட்டில் எழுதியவர்களில் பணவீக்கத்தில் சிக்கிய வெனிசுவேலாக்காரர்கள் ஏராளம். கையிலிருந்த பொலிவார் காலைக்கும் மாலைக்கும் இடையே கரைந்த நாட்களில், ஒரு பதிவுக்கு வந்த இரண்டு மூன்று டாலர் அங்கே சாப்பாடு. அவர்களிடம் போய் இலக்கியத் தூய்மை பேச எனக்கு வாய் வராது.

மார்க்ஸ், ‘உபரி மதிப்புக் கோட்பாடுக’ளில், ஐந்து பவுனுக்கு ‘இழந்த சொர்க்க’த்தை விற்ற மில்டனை ‘உற்பத்தி சாராத’ உழைப்பாளி என்கிறார். பட்டுப்புழு பட்டு நூற்பதுபோல மில்டன் எழுதினார். பதிப்பாளன் சொல்லுக்குப் புத்தகம் செய்து தரும் லைப்சிக் கூலி எழுத்தாளன்தான் மூலதனத்துக்கு ‘உற்பத்தி’ உழைப்பாளி. இரண்டு பேரும் எழுதினார்கள், இரண்டு பேரும் காசு வாங்கினார்கள். வித்தியாசம் உறவில் இருக்கிறது. ஸ்டீமிட் கொண்டுவந்த மூன்றாவது உருவம் மார்க்சின் கணக்கில் இல்லாதது: வாசிப்பதாகச் சொல்லப்பட்டு, வாசிக்காமல் இருப்பதற்குக் கூலி வாங்கும் உழைப்பாளி.

என் நிலைப்பாடு இதுதான். எழுதுகிறவருக்குக் காசு கொடுக்க வேண்டும். வெகுமதி என்று மழுப்பாமல், கூலி என்றோ சன்மானம் என்றோ பேர் சொல்லி, தொகை சொல்லி, கொடுப்பவர் முகம் தெரியக் கொடுக்க வேண்டும். சிறுபத்திரிகைகளும் இதில் விலக்கு இல்லை. ‘எங்களால் முடியாது’ என்பது உண்மையாக இருக்கலாம், ‘தேவையில்லை’ என்பது பொய். ஆனால் வாசிப்பின் தீர்ப்புக்கு ஒரு பைசாகூட வைக்கக் கூடாது. வாசகன் தப்பாகத் தீர்ப்புச் சொல்ல, தனியாக நிற்க, பிந்தி வர, எட்டாம் நாளோ எட்டாம் வருஷமோ வந்து சேர உரிமை உள்ளவன். அந்த உரிமைக்கு ஒரே பாதுகாப்பு, அதனால் அவனுக்கு நயாபைசா லாபமோ நஷ்டமோ இல்லை என்பது.

எழுதும் எந்திரங்கள் 2022 கடைசியிலிருந்து எல்லார் கைக்கும் வந்துவிட்டன. எந்திரம் எழுதி எந்திரம் ஓட்டுப் போட்டு வெகுமதி சுற்றிவரும் வட்டத்துக்கு இனி மனிதர் யாரும் தேவையில்லை. முன்பு பாதிதான் மூடியிருந்தது, இப்போது மீதியும் மூடலாம். எழுத்து இனிமேல் ஒருபோதும் பற்றாக்குறை ஆகாது. ஒரு மனுஷி உட்கார்ந்து, ஒரு பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, பிடிக்கவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போடுவதுதான் பற்றாக்குறை ஆகும். அந்தக் கார்டுக்கு இங்கே ஒரு முகவரி இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதைப் போன்ற பத்திரிகை வேண்டும் என்கிறேன், தூய்மைக்காக அல்ல.